வீட்டுக் காபி வறுவலுக்குப் பதிவு மென்பொருள்: எதை முதலில் பார்ப்பது

வீட்டில் காபிக்கொட்டை வறுப்பவர்கள் பதிவு மென்பொருளைத் தேடிப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். போன ஈடு பிரமாதமாக வந்தது. அதே கொட்டை, அதே அளவு. இந்த ஈடு புல் வாடை அடிக்கிறது. எது மாறியது என்று கேட்டால் பதில் இல்லை. அந்தச் சமயத்தில் நீலமும் சிவப்புமாகக் கோடுகள் ஓடும் திரை ஒன்று கண்ணில் பட்டால், அதை நிறுவிவிட்டால் போதும் என்று தோன்றும். நிறுவிய பிறகு தெரிய வருவது வேறு. ரோஸ்டர், அதாவது வறுக்கும் கருவி, கணினியோடு பேசவே மாட்டேன் என்கிறது. அல்லது பேசுகிறது, ஆனால் அது சொல்வது கொட்டையின் வெப்பம் இல்லை. அல்லது எல்லாம் சரியாகவே ஓடி, நூறு கோப்புகள் சேர்ந்த பிறகு எது எந்தக் கொட்டை என்று யாருக்கும் தெரியவில்லை.

மென்பொருள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி கொட்டைகளுக்கு நடுவே புதைந்திருக்கும், வெப்பத்தை உணரும் தெர்மோகப்பிளின் முனை. அதிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து எண்ணாக மாற்றும் சில்லு, சில்லிலிருந்து யுஎஸ்பி, அதற்குப் பிறகுதான் திரை. முன்னால் உள்ள கண்ணி எதுவும் பிசகினால் பின்னால் உள்ள எந்தத் திரையும் அதைச் சரிசெய்யாது. பிசகை அழகாக வரைந்து காட்டும், அவ்வளவே. அதனால் ரோஸ்டர் பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

ரோஸ்டர் யாரோடு பேசும்

வாணலி, பாப்கார்ன் பொரிக்கும் கருவி, அடுப்பின் மேல் சுழலும் உருளை ஆகியவை எதுவும் பேசாது. ஃப்ரெஷ்ரோஸ்ட், ஜீன் கஃபே போன்ற கருவிகளையும் இதோடு சேர்க்கலாம். முகப்பில் ஒரு எண் தெரியும். அதைக் கணினிக்கு அனுப்பும் வழி கிடையாது. அந்த எண்ணும் காற்றின் வெப்பம்தான், கொட்டையினுடையது அல்ல. ஜீன் கஃபேயின் குடுவை சாய்ந்தபடி சுழல்வதால் அதற்குள் ப்ரோப் (உறையிட்ட தெர்மோகப்பிள்) நுழைப்பதே ஒரு தனி உலோக வேலை.

இன்னொரு வகை, தன் தயாரிப்பாளரின் மென்பொருளை மையமாக வைத்துச் செய்யப்பட்டது. ஐகாவா கைப்பேசிச் செயலியோடு வருகிறது. காஃபலாஜிக் நானோ 7 ஒவ்வொரு ஈட்டின் பதிவையும் யுஎஸ்பி குச்சியில் எழுதிவிடும். அதைக் கணினியில் காஃபலாஜிக் ஸ்டூடியோவில் திறந்து பார்க்கலாம். ஏலியோ புல்லட்டுக்கு ரோஸ்டைம் இருக்கிறது. இதே புல்லட் திறந்த மூல மென்பொருளான ஆர்ட்டிசனோடும் இணையும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தயாரிப்பாளர் நாளை செயலியைக் கைவிட்டால் இந்தக் கருவி வேறு எதனோடாவது பேசுமா?

மூன்றாவது வகை திறந்த வகை. ஹாட்டாப்பின் கேஎன்-8828பி-2கே+ போன்றவை யுஎஸ்பி வழியே ஆர்ட்டிசனுக்கு வெப்பத்தைக் கொடுக்கும், ஹீட்டரையும் விசிறியையும் அதன் கையில் ஒப்படைக்கும். மோட்பஸ் என்ற தொழிற்கருவிகளின் தொடர்பு நெறிமுறையில் பேசும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்திய உருளைகளும் இதில் சேரும்.

உங்கள் கருவி முதல் வகை என்றால் அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். முதல் பத்து ஈடுகளுக்குத் தாளும் கைக்கடிகாரமும் போதும். 30 வினாடிக்கு ஒரு வாசிப்பு, குமிழைத் திருப்பிய நேரம், முதல் வெடிப்பு (சூட்டில் கொட்டைகள் ஒலியோடு வெடிக்கத் தொடங்கும் கட்டம்), இறக்கிய நேரம், முன் எடை, பின் எடை. காற்றில் வறுக்கும் கருவியில் ஈடு ஒன்று 5 முதல் 8 நிமிடத்தில் முடிந்துவிடும். 30 வினாடிக்கு ஒருமுறை எழுதினால் பத்துப் பதினைந்து வரிகள்தான். இந்தப் பத்துத் தாள்களையும் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கிறோம், எதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று கவனித்தால், மென்பொருளில் எது தேவை என்பது தானாகத் தெரியும். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு நாற்பது நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை செய்து, அதில் ஐந்தை மட்டும் நிரப்புகிறார்கள்.

ப்ரோப்பில் சறுக்கும் இடங்கள்

பெரும்பாலும் கே வகைத் தெர்மோகப்பிள்தான் பயன்படுகிறது. உறையின் விட்டம் முக்கியம். 6 மில்லிமீட்டர் உறை உறுதியானது, ஆனால் மந்தமானது. 3 மில்லிமீட்டர் வேகமாகத் துலங்கும், வீட்டு உருளைக்கு ஏற்றது. அதைவிட மெல்லியது கொட்டை மோதி மோதி வளையும். முனை மட்டும் கொட்டையில் பட்டால் போதாது. உறை வழியே வெளிச்சுவரின் வெப்பம் முனைக்குக் கடத்தப்படும் என்பதால், விட்டத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு நீளம் உள்ளே இருக்கட்டும்: 3 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர். உருளையில் ஈட்டின் அளவைப் பாதியாகக் குறைத்தால் முனை கொட்டைக்கு மேலே எழும்பி நின்று காற்றை அளக்கும். 250 கிராமுக்கும் 100 கிராமுக்கும் ஒரே இறக்கும் வெப்பத்தை வைத்துக்கொண்டு குழம்புவது இதனால்தான்.

கம்பியின் நிறம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு என்றாலே நேர்முனை என்று பழகிய கை இங்கே தவறும். பன்னாட்டு ஐஇசி முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். மாற்றிப் பொருத்திவிட்டால் முனையைச் சூடாக்கும்போது திரையில் எண் இறங்கும். வெந்நீரில் ஒரு முறை முக்கினால் பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

எண்ணாக மாற்றும் பலகையில் மலிவானது மேக்ஸ் 6675 சில்லு பொருத்தியது. அதன் நுணுக்கம் 0.25 டிகிரி. ஒருமுறை அளந்து முடிக்க அதிகபட்சம் 0.22 வினாடி ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி வாசித்தால் நடக்கும் அளவீடு கலைந்து பழைய எண்ணே திரும்பத் திரும்ப வரும். கோடு உறைந்து நிற்கும். சில்லை வாசித்துக் கணினிக்கு அனுப்பும் சிறு பலகையான ஆர்டுயினோவின் நிரலில் வாசிப்புக்கு இடையே கால் வினாடியாவது விடுங்கள். மேக்ஸ் 31855 இன்னும் பரந்த எல்லையை அளக்கும். ஆனால் கம்பி புவியிணைப்பை (எர்த்) தொட்டால் அதைக் கோளாறு என்று அறிவித்து எண் கொடுக்க மறுக்கும். முனை உறையோடு பற்றவைக்கப்பட்ட புவியிணைப்பு வகை ப்ரோப்பை உருளையின் உடலில் திருகினால் இதுதான் நடக்கும். முனை உறையிலிருந்து விலக்கப்பட்ட வகையைக் கேட்டு வாங்கினால் தலைவலி பாதி குறையும்.

ஆர்டுயினோவில் கை வைக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஃபிட்ஜெட்ஸ் நிறுவனத்தின் டிஎம்பி1101 நல்ல வழி. நான்கு தெர்மோகப்பிள் ஏற்கும். ஆனால் அது நேரடியாக யுஎஸ்பியில் செருகும் பொருள் இல்லை. அதே நிறுவனத்தின் விண்ட் ஹப் என்ற இன்னொரு பலகை நடுவில் வேண்டும். எந்தப் பலகையானாலும் ரோஸ்டரின் மேல் ஒட்டி வைக்காதீர்கள். தெர்மோகப்பிள் முனைக்கும் பலகைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையே அளக்கிறது. பலகையின் சொந்த வெப்பத்தை அதிலுள்ள ஒரு சின்ன உணரி கூட்டிக்கொள்கிறது. பலகையின் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அந்தக் கூட்டல் பிசகும்.

கோடு ரம்பப் பல்லாக ஆடுகிறதா? மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் குற்றவாளி புவியிணைப்புச் சுற்று, அதாவது இரண்டு எர்த் இணைப்புகளுக்கு நடுவே ஓடும் மின்னோட்டம். நிற்கவில்லை என்றால் மோட்டாரை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தெர்மோகப்பிள் கம்பியை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகே, கோட்டை வழவழப்பாக்கும் மென்பொருளின் வடிகட்டியைத் தொட வேண்டும். முதலிலேயே வடிகட்டியை இறுக்கினால் நோய் மறைந்து, நோயாளி அப்படியே இருப்பார்.

ஏறுவேகம் என்ற மாயக் கோடு

மென்பொருள் வாங்கத் தூண்டுவதே இந்தக் கோடுதான்: கொட்டையின் வெப்பம் நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது. ஆர்ஓஆர் (ரேட் ஆஃப் ரைஸ்) என்றும் சொல்வார்கள். இதை நம்புவதற்கு முன் ஒரு சிறு கணக்கு.

சில்லின் நுணுக்கம் 0.25 டிகிரி, வினாடிக்கு ஒரு வாசிப்பு என்று வைப்போம். அடுத்தடுத்த இரண்டு வாசிப்பின் வேறுபாடு 0, அல்லது 0.25, அல்லது 0.5. நிமிடக் கணக்கில் 0, 15, 30. உண்மையான வேகம் 9 டிகிரியாக இருந்தாலும் கோடு 0-க்கும் 15-க்கும் நடுவே குதிக்கும். 15 வினாடி இடைவெளியில் கணக்கிட்டால் ஒரு படி 1 டிகிரி ஆகிவிடும். 30 வினாடியில் அரை டிகிரி. இங்கேதான் விலை கொடுக்கிறோம். 30 வினாடி இடைவெளியில் கிடைக்கும் வேகம், ஏறத்தாழ 15 வினாடிக்கு முன்னால் நடந்ததன் வேகம். அதோடு ப்ரோப்பின் தாமதமும் சேரும். முதல் வெடிப்பில் வேகம் சரிவதைத் திரையில் பார்த்துவிட்டு வெப்பத்தைக் கூட்டினால், அது ஏற்கெனவே நடந்து முடிந்த சரிவுக்கு வைத்தியம். அடுத்த நிமிடத்தில் கோடு தூக்கியடிக்கும்.

உருளையில் 20 முதல் 30 வினாடி இடைவெளி தாங்கும். ஈடே 9 முதல் 14 நிமிடம் ஓடும். காற்றுக் கருவியில் 10 முதல் 15 வினாடிக்கு மேல் போனால் கோடு வழவழப்பாக இருக்கும், பயன் இருக்காது. ஆர்ட்டிசனில் இந்த இடைவெளியை நீங்களே மாற்றலாம். மாற்றவே விடாத செயலிகளும் உண்டு. அப்படியானால் ஏறுவேகக் கோட்டை ஈடு முடிந்த பிறகு பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்புபுள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டையைப் போட்டதும் கோடு சரிந்து, ஒரு நிமிடம் போல ஆகி மேலே திரும்பும் இடம் அது. கொட்டை ஒரு நொடிகூடக் குளிரவில்லை. போட்ட கணத்திலிருந்தே சூடேறிக்கொண்டிருக்கிறது. சூடாக இருந்த ப்ரோப்தான் கொட்டையின் வெப்பத்துக்கு இறங்கி வந்து, பிறகு அதோடு சேர்ந்து ஏறுகிறது. தடித்த ப்ரோப் தாமதமாகத் திரும்பும். அதனால் இன்னொருவர் சொல்லும் திரும்புபுள்ளி எண்ணைப் பிடிக்க முயல்வது வீண். உங்கள் கருவியிலேயே ஈட்டுக்கு ஈடு அது நகர்கிறதா என்று பார்ப்பதற்கு நல்லது: போடும் வெப்பமோ எடையோ மாறியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

இதே காரணத்தால் முதல் வெடிப்பு 196 டிகிரியில் என்று எங்கேயாவது படித்தால் அதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டாம். உங்கள் ப்ரோப் 188 என்று சொல்லலாம், 204 என்றும் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறதா என்பதே கேள்வி. ப்ரோப்பை மாற்றினாலோ, ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலோ, அந்த நாளைப் பதிவில் பெரிதாகக் குறியுங்கள். அதற்கு முந்தைய கோடுகளும் பிந்தைய கோடுகளும் வேறு வேறு மொழி பேசுகின்றன. புதிய ப்ரோப்பைக் கொதிநீரில் சோதிக்கும்போது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி போல இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த மென்பொருள் யாருக்கு

ஆர்ட்டிசன் இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஏராளமான கருவிகளுக்கு முன்கூட்டியே அமைப்புகள் தயாராக இருக்கின்றன. பட்டியலில் உங்கள் ரோஸ்டர் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் சாதனம், போர்ட், வாசிப்பு இடைவெளி, அச்சின் எல்லைகள், ஏறுவேக இடைவெளி என்று ஒவ்வொன்றாக அமைக்க ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். மெனுக்கள் அடர்த்தி, முதல் பார்வைக்கு மிரட்டும். எந்தச் சாதனமும் இணைக்காமல் கையால் எண்ணைத் தட்டும் வழியும் உண்டு என்பதால் வாணலிக்காரர்களும் பயன்படுத்தலாம். பழைய பதிவை எடுத்து உண்மையான ஈடு போலவே ஓடவிடும் பாவனை வசதியும் உண்டு. ஒரு கொட்டைகூட வீணாக்காமல் பொத்தான்களில் கை பழக இது போதும். அதன் பதிவுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எளிய எடிட்டரிலும் திறந்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம். என் கணக்கில் இதன் மிகப் பெரிய பலம் இதுவே. மற்ற வசதிகளெல்லாம் பிறகு.

க்ராப்ஸ்டர் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் பிறந்த வணிக மென்பொருள், சந்தா முறை. பச்சைக் கொட்டைக் கையிருப்பு, சுவைப் பதிவு, பல ரோஸ்டர், பல ஊழியர் என்று வறுவல் தொழிற்கூடத்துக்காக எழுதப்பட்டது. வாரம் இரண்டு ஈடு வறுக்கும் வீட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. ஆர்ட்டிசனோடு இணைந்து கையிருப்பைக் கவனிக்கும் ஆர்ட்டிசன் பிளஸ் என்ற கட்டணச் சேவையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வகைக் கொட்டை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

ரோஸ்டைம் போன்ற கருவியோடு வரும் மென்பொருளின் நிறை, அமைப்பதற்கு எதுவும் இல்லாதது. செருகினால் ஓடும். புல்லட்டில் தெர்மோகப்பிளோடு அகச்சிவப்பு உணரியும் உண்டு. அந்த இரண்டையும் கையாள்வதில் சொந்த மென்பொருள் கைதேர்ந்தது. குறை, ரோஸ்டரை மாற்றினால் வரலாறு அங்கேயே நின்றுவிடும் என்பது.

கைப்பேசிச் செயலிகளில் ப்ளூடூத் துண்டிப்பு ஒரு தொல்லை. ஈட்டின் நடுவே அழைப்பு வந்து செயலி பின்னணிக்குப் போனால் பதிவு தொடர்கிறதா, நிற்கிறதா? வாங்கும் முன் சோதிக்க முடிகிற விஷயம்தான் இது. இன்னொரு கைப்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

எதைக் குறிக்க வேண்டும்

வெப்பக் கோடு விளைவு. குமிழைத் திருப்பியது காரணம். விளைவை மட்டும் பதிந்துவிட்டுக் காரணத்தை விட்டால், அடுத்த ஈட்டில் திரும்பச் செய்ய ஒன்றும் இருக்காது. ஆகவே ஒரு மென்பொருளை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஹீட்டர் 7-லிருந்து 5-க்கு, விசிறி 4-லிருந்து 6-க்கு என்பதை ஒரே தட்டலில் பதிய முடிகிறதா என்பதே. இதற்கு மூன்று திரை திறக்க வேண்டியிருந்தால், பரபரப்பான கடைசி இரண்டு நிமிடத்தில் யாரும் பதிய மாட்டார்கள். ஆர்ட்டிசனில் தனிப் பொத்தான்கள் செய்துகொள்ளலாம். கருவி கணினியோடு பேசாவிட்டாலும் பொத்தான் குறிப்பாகப் பதிவாகும்.

போட்ட நேரம், கொட்டை மஞ்சளான நேரம், முதல் வெடிப்பு, இறக்கிய நேரம் ஆகிய நான்கும் இல்லாமல் எந்தப் பதிவும் பயன்படாது. முதல் வெடிப்புக்கு ஒரு விதியை வைத்து அதிலேயே நில்லுங்கள். தனியாக ஒரு கொட்டை முந்திக்கொண்டு டப்பென்று வெடிக்கும். அதை எண்ண வேண்டாம். மூன்றாவது தெளிவான ஒலியில் அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் ஈட்டுக்கு ஈடு ஒப்பிடலாம். இந்த ஒரு தட்டலின் பிழை எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்: 10 நிமிட ஈட்டில் 8:15-க்கு வெடிப்பு என்று குறித்தால் வெடிப்புக்குப் பிந்தைய பங்கு 17.5 சதவீதம். அதையே 8:00-க்குக் குறித்தால் 20 சதவீதம். 15 வினாடிக்கு இரண்டரைப் புள்ளி. திரை அதை 17.53 என்று தசமத்தோடு காட்டுவதைக் கண்டு மயங்க வேண்டாம்.

கொட்டை விழுந்ததையும் இறங்கியதையும் மென்பொருளே கண்டுபிடித்துக் குறிக்கும் வசதி உருளையில் ஓரளவு சரியாக நடக்கும். சிறிய காற்றுக் கருவியில் விசிறியைக் கூட்டினாலே வெப்பம் சரியும். அதைக் கொட்டை விழுந்ததாக எடுத்துக்கொண்டு கடிகாரத்தை மறுபடி தொடங்கிவிடும். அங்கே அதை அணைத்துவிட்டுக் கையால் குறிப்பதே மேல்.

முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு வருவோம்: எது மாறியது? பெரும்பாலான பதிவுகளில் இல்லாத மூன்று எண்களில் ஒன்றுதான் பதிலாக இருக்கும். ஒன்று, அறையின் வெப்பம். இரண்டு, அன்றைக்கு அது எத்தனையாவது ஈடு: குளிர்ந்த உருளையில் முதல் ஈடும், ஊறிச் சூடான உருளையில் மூன்றாவது ஈடும் ஒரே குமிழ் நிலையில் ஒன்றாக வராது. மூன்று, மின்னழுத்தம். ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் வெப்பத் திறன் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். செருகுவாயில் மாட்டும் சிறிய மின்னழுத்தமானி ஒன்று இருந்தால், ஈட்டின் தொடக்கத்தில் ஒருமுறையும் ஹீட்டர் முழுத் திறனில் ஓடும்போது ஒருமுறையும் எழுதிக்கொள்ளலாம். இதற்கான இடம் மென்பொருளில் இல்லையென்றால் குறிப்புக் கட்டத்தில் எப்போதும் ஒரே வரிசையில் எழுதுங்கள். பின்னால் தேட வசதி.

எடையைத் தவறவிடாதீர்கள். 250 கிராம் போட்டு 214 கிராம் வந்தால் இழப்பு 36 கிராம், அதாவது 14.4 சதவீதம். ப்ரோப் பொய் சொல்லலாம், வெடிப்பைத் தவறாகக் குறிக்கலாம். தராசை ஏமாற்றுவது கடினம். இளவறுவல் 11 முதல் 13 சதவீதம், நடுத்தரம் 13 முதல் 16, அதற்கு மேல் கருவறுவல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்; பச்சைக் கொட்டையின் ஈரம் மாறினால் இதுவும் கொஞ்சம் நகரும். 100 கிராம் ஈட்டில் ஒரு கிராம் தவறு என்றால் ஒரு சதவீதம் போயிற்று. ஆகவே 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். ஆறிய பிறகு, தோல் சருகை ஊதிவிட்டு எடை போடுங்கள்.

கையிருப்பு

இதற்குத் தனி மென்பொருள் தேவையா என்றால், ஐந்தாறு வகைக் கொட்டை வரைக்கும் சாதாரண அட்டவணை போதும். ஒவ்வொரு மூட்டைக்கும் வந்த அன்றே ஒரு எண். அதே பெயரில் அதே தோட்டத்துக் கொட்டை மறுபடி வந்தாலும் புது எண்தான். அறுவடை மாறினால் ஈரமும் அடர்த்தியும் மாறும், பழைய கோட்டை அதற்குப் போட்டால் ஒத்துவராது. எல்லாமே கிராமில் இருக்கட்டும். ஒரு இடத்தில் கிலோ, ஒரு இடத்தில் கிராம் என்றால் ஒருநாள் 0.25 கிராம் கொட்டையை வறுத்ததாகக் கணக்கு நிற்கும். ஒரு கிலோ வறுத்த கொட்டை வேண்டும், இழப்பு 14.4 சதவீதம் என்றால் 1000-ஐ 0.856-ஆல் வகுக்க வேண்டும்: 1168 கிராம் பச்சை. 1000-உடன் 144-ஐக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. 24 கிராம் குறையும். சிந்தியது, பொறுக்கி எறிந்தது என்பவற்றுக்கும் ஒரு வரி வையுங்கள். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டையும் அட்டவணையும் ஒத்துப்போகாது.

பதிவுக்கும் கையிருப்புக்கும் வறுத்த பைக்கும் நடுவே ஒரே பாலம் ஈடு எண். தொடர் எண்ணாக, எப்போதும் திரும்ப வராத எண்ணாக இருக்கட்டும். கோப்பின் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாகவே வரிசையில் நிற்கும்; பிறகு மூட்டை எண், பிறகு ஈடு எண். அதே எண் பையின் மேலும் எழுதப்பட வேண்டும். சுவைத்துப் பார்ப்பது மூன்று நாள் கழித்தோ பத்து நாள் கழித்தோ நடக்கும். அந்தக் குறிப்பு வறுவல் பதிவுக்குத் திரும்பிப் போய்ச் சேர இந்த எண்ணைத் தவிர வேறு வழி இல்லை. வறுத்து எத்தனை நாள் கழித்துச் சுவைத்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாம் நாள் புளிப்பாக இருந்தது பத்தாம் நாள் வேறாகப் பேசும்.

ஈட்டின் நடுவே செத்துப்போகும் பதிவுகள்

கணினி உறங்கப் போவது முதல் எதிரி. விண்டோஸில் தூக்க நேரத்தை அணைப்பதோடு, யுஎஸ்பி மின்சாரத்தை இடையில் நிறுத்தும் அமைப்பையும் அணைக்க வேண்டும். நேற்று ஓடியது இன்று போர்ட் கிடைக்கவில்லை என்றால், கம்பியை வேறு துளையில் செருகியிருப்பீர்கள். விண்டோஸ் புது எண் கொடுத்திருக்கும். ஒரே துளையை ஒதுக்கி அடையாளமிடுங்கள். போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் திறக்க முடியாது. ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டரைத் திறந்தே வைத்துவிட்டு ஆர்ட்டிசனைத் திட்டுவது வழக்கமான காட்சி. லினக்ஸில் பயனரை, போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். மலிவான ஆர்டுயினோ நகல்களில் சிஎச்340 சில்லு இருக்கும். போர்ட்டே தெரியவில்லை என்றால் அதற்கான டிரைவர் இல்லை என்பதே முதல் சந்தேகம்.

ஹீட்டரைக் கணினியின் கையில் கொடுப்பவர்கள் இதை மட்டும் நின்று படிக்க வேண்டும். யுஎஸ்பி கழன்றால் ஆர்டுயினோ நின்றுவிடாது. கடைசியாக வந்த கட்டளை ஹீட்டர் 80 சதவீதம் என்றால் 80-லேயே எரிந்துகொண்டிருக்கும். 10 வினாடிக்குக் கணினியிலிருந்து எந்தச் சொல்லும் வராவிட்டால் ஹீட்டர் பூஜ்யம் என்று ஆர்டுயினோ நிரலுக்குள்ளேயே எழுத வேண்டும். காற்றுக் கருவியில் விசிறி ஓடாதபோது ஹீட்டருக்கு மின்சாரமே போகாதபடி இணைப்பு இருக்க வேண்டும். இதை நிரலை நம்பி விடக்கூடாது. இதற்கு மேல் ஒரு வெப்ப உருகியும், கை எட்டும் தூரத்தில் ஒரு முதன்மை சுவிட்சும். இந்த நான்கும் இல்லாதவரை தானியங்கி வறுவல் வசதியைத் தொட வேண்டாம். குமிழைக் கையால் திருப்பிப் பதிவை மட்டும் மென்பொருளிடம் விடுங்கள்.

தேர்வை முடிக்கும் முன் ஒரு மாலை போதும். மூன்று ஈடு பதிந்து, அவற்றை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுங்கள். அட்டவணையில் திறந்து, ஒவ்வொரு வரியிலும் நேரம் இருக்கிறதா, முதல் வெடிப்பும் குமிழ் மாற்றங்களும் அதில் வந்திருக்கின்றனவா, எடைகளும் குறிப்புகளும் கூடவே வெளிவந்தனவா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் வெப்பக் கோட்டை மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் கையால் எழுதியதை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, போன ஈட்டைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, கோப்புகளை வேறொரு கணினிக்கு நகலெடுத்து அங்கே திறங்கள். இந்த மூன்றிலும் தேறினால் திரை அழகாக இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால், சந்தா புதுப்பிக்கும் தேதிக்கு முன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஈடு எண்ணைக் கோப்பின் பெயரில் கையால் சேர்த்துவிடுங்கள்.